விளையாட்டுப் பதிவும் கோப்பின் கொள்ளளவும்

மின்விளையாட்டு இன்று மலேசிய இளையோரிடையே வேரூன்றிவிட்ட ஒரு துறையாகும். 2019-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மலேசிய அரசாங்கம் இத்துறையின் வளர்ச்சிக்கென 10 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட்டின் முதலாவது உலகப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடைபெற்ற அவ்விளையாட்டின் அனைத்துலகக் கிண்ணப் போட்டியில் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் குழு வாகை சூடியது.

இத்தகைய வெற்றிகளுக்குப் பின்னால் கைத்திறன் மட்டுமன்றி, இடைவிடாத மீள்பார்வையும் உண்டு. பூப்பந்து வீரர்கள் தம் ஆட்டத்தைப் படம்பிடித்துக் குறைகளைக் களைவது போலவே, மின்விளையாட்டாளர்களும் தம் ஆட்டத்தைக் காணொலியாகப் பதிவு செய்து ஆராய்கின்றனர். மாணவர்களும் நண்பர்களோடு ஆடிய ஆட்டங்களைப் பதிவு செய்து, வெட்டித் தொகுத்து, யூடியூப் வலையொளியில் பதிவேற்றுகின்றனர். ஆனால், இம்முயற்சியில் இறங்குவோர் அனைவரும் விரைவில் ஒரு தடையைச் சந்திக்கின்றனர். பதிவுக் கோப்புகள் கணினியின் சேமிப்பிடத்தை எதிர்பாராத வேகத்தில் விழுங்கிவிடுகின்றன.

போர்ட் கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அதில் 100 ஜிகாபைட் இடம் காலியாக உள்ளது. மகன் நாள்தோறும் ஒரு மணி நேர ஆட்டத்தை வினாடிக்கு 50 மெகாபிட் என்னும் அளவில் பதிவு செய்கிறான். ஒரு மணி நேரப் பதிவு 22.5 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கிறது. ஐந்தாம் நாள் பதிவு முடியும் முன்பே வட்டு நிறைந்துவிடும். அதே வட்டில்தான் அக்காவின் பள்ளி இடுபணியும் அம்மாவின் அலுவலகக் கோப்புகளும் இருக்கின்றன. சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலேறி இத்துறைமுகத்தில் வந்திறங்கிய முன்னோரின் பழைய நிழற்படங்களும் அங்கேயே வருடப்பட்டுச் சேமிக்கப்பட்டிருக்கலாம். வட்டு நிறைந்த அவசரத்தில் எதையாவது அழிக்க முற்படும்போது, மீண்டும் பெற முடியாத ஒன்று அழிந்துவிடக்கூடும். எனவே, கோப்பின் கொள்ளளவை நிருவகிக்கும் திறன் விளையாட்டாளருக்கு மட்டுமன்றி, ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்திற்கும் தேவைப்படுகிறது.

கொள்ளளவு எங்கிருந்து வருகிறது?

காணொலி என்பது விரைந்து மாறும் படங்களின் வரிசையாகும். முழு உயர்தெளிவுத் திரையில் குறுக்காக 1,920 படப்புள்ளிகளும் நெடுக்காக 1,080 படப்புள்ளிகளும் உள்ளன. அதாவது, ஒரு படத்தில் 2,073,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் குறிக்க 3 பைட் தேவை. வினாடிக்கு 60 படங்கள் எனில், ஒரு வினாடிக்கு மட்டும் ஏறத்தாழ 373 மெகாபைட் தேவைப்படும். எவ்விதச் சுருக்கமும் இன்றிப் பதிவு செய்தால், 1 டெராபைட் வன்தட்டு 45 நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும். சாதாரண வன்தட்டால் அந்த வேகத்தில் எழுதவும் இயலாது.

ஆகவே, பதிவு மென்பொருள் படங்களைச் சுருக்கியே எழுதுகிறது. இதற்குக் கையாளப்படும் முறை எளிமையானது. ஆட்டத்தின் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பெரும் பகுதி மாறுவதில்லை. திரையின் மூலையில் உள்ள வரைபடமும் மதிப்பெண் பலகையும் பொத்தான்களும் அப்படியே இருக்கின்றன. எனவே, முதல் படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்துவரும் படங்களில் மாறிய பகுதிகளையும் அவை நகர்ந்த திசையையும் மட்டும் மென்பொருள் குறித்துக்கொள்கிறது. மனிதக் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்ந்து காணும். நிறத்தின் நுண்ணிய வேறுபாட்டை அந்த அளவுக்குக் காணாது. இதனால் நிறத் தகவலும் குறைக்கப்படுகிறது. இவ்வாறு சுருக்கி எழுதவும் மீண்டும் விரித்துக் காட்டவும் உதவும் முறை கோடெக் எனப்படுகிறது.

சுருக்கிய பிறகு ஒரு வினாடிக்கு எத்தனை பிட் எழுதப்படுகிறது என்பதே பிட் வீதமாகும். கோப்பின் கொள்ளளவை முடிவு செய்வது இதுவே. கணக்கிடும் முறையும் எளிது. பிட் வீதத்தை 8-ஆல் வகுத்தால் பைட் கிடைக்கும். அதனை வினாடிகளால் பெருக்கினால் கோப்பின் அளவு கிடைக்கும். வினாடிக்கு 50 மெகாபிட் என்பது 6.25 மெகாபைட். ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடிகள். இரண்டையும் பெருக்கினால் 22,500 மெகாபைட், அதாவது 22.5 ஜிகாபைட் ஆகிறது. பிட் வீதத்தை 20 மெகாபிட்டாகக் குறைத்தால் அதே ஒரு மணி நேரம் 9 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். பதிவைத் தொடங்கும் முன்பே இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பவர், வட்டு நிறைந்த பிறகு திகைக்க வேண்டியதில்லை.

கொள்கலனும் சரக்கும்

காணொலிக் கோப்பைப் பற்றிய ஒரு பொதுவான குழப்பத்தைப் போர்ட் கிள்ளான் துறைமுகத்தைக் கொண்டே தெளிவுபடுத்தலாம். 1901-ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட இத்துறைமுகம், 1972-ஆம் ஆண்டு போர்ட் கிள்ளான் என்று பெயர் மாற்றம் கண்டது. அதற்கு முந்தைய காலத்தில் இரப்பர் கட்டுகளும் ஈயப் பாளங்களும் மூட்டைகளும் தனித்தனியே ஏற்றி இறக்கப்பட்டன. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் ஒரே கப்பலில் 58 கொள்கலன்களை ஏற்றி அனுப்பியது உலகக் கப்பல் வணிகத்தையே மாற்றியது. போர்ட் கிள்ளானில் 1973-ஆம் ஆண்டு கொள்கலன் முனையம் செயல்படத் தொடங்கியது. 20 அடிக் கொள்கலனை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், 2023-ஆம் ஆண்டில் இங்கு 14 மில்லியனுக்கும் மேற்பட்ட அலகுகள் கையாளப்பட்டன.

கொள்கலனுக்கு உள்ளே இருப்பது பாமாயிலா, மரச்சாமான்களா, மின்பொருள்களா என்பது பளுதூக்கிக்குப் பொருட்டில்லை. பெட்டி வேறு, சரக்கு வேறு. காணொலிக் கோப்பும் அவ்வாறே அமைந்துள்ளது. எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவன பெட்டியின் வகைகள். கணினித் துறையினரும் இவற்றைக் கொள்கலன் என்றே அழைக்கின்றனர். படமும் ஒலியும் அப்பெட்டிக்குள் இருக்கும் சரக்குகள். எம்கேவி கோப்பை எம்பி4 கோப்பாக மாற்றினால் கொள்ளளவு குறையும் என்று பலர் நம்புகின்றனர். சரக்கை ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாற்றினால் அதன் எடை குறையாது. கொள்ளளவைக் குறைக்க வேண்டுமாயின் உள்ளே இருக்கும் சரக்கையே, அதாவது கோடெக்கையும் பிட் வீதத்தையும்தான் மாற்ற வேண்டும்.

கோப்பை ஜிப் முறையில் கட்டி வைப்பதாலும் பயன் மிகக் குறைவு. காணொலி ஏற்கெனவே நன்கு சுருக்கப்பட்டுவிட்டது. ஒருமுறை பிழிந்த கரும்புச் சக்கையை மீண்டும் ஆலையில் இட்டால் எவ்வளவு சாறு கிடைக்கும்?

பதிவுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

முதலாவது, தெளிவுத்திறன். நான்கே எனப்படும் மிகை உயர்தெளிவுப் படத்தில், முழு உயர்தெளிவுப் படத்தைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. ஆட்டத்தைத் திறன்பேசித் திரையில் பார்க்கப்போகும் நண்பர்களுக்காக நான்கே அளவில் பதிவு செய்வது வீண். தேவைப்பட்டால் 1,280 பெருக்கல் 720 என்னும் அளவையும் தேர்ந்தெடுக்கலாம். இதில் உள்ள புள்ளிகள் முழு உயர்தெளிவில் உள்ளவற்றில் பாதிக்கும் குறைவு.

இரண்டாவது, வினாடிக்கான படங்களின் எண்ணிக்கை. கார்ப் பந்தயம், சுடும் விளையாட்டு போன்ற விரைவான ஆட்டங்களுக்கு 60 படங்கள் பொருந்தும். சதுரங்கம், கட்டடம் கட்டும் விளையாட்டு போன்றவற்றுக்கு 30 படங்களே போதும்.

மூன்றாவது, பிட் வீதத்தை நிலையாக வைப்பதா, தரத்தை நிலையாக வைப்பதா என்பது. பிட் வீதம் நிலையாக இருந்தால், விளையாட்டாளர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்திலும் அசையாத திரைக்காக அதே அளவு இடம் செலவாகும். தரத்தை நிலையாக வைத்தால், அமைதியான காட்சிக்குக் குறைவாகவும் மழை, புகை, வெடிப்பு, அசையும் இலைகள் நிறைந்த காட்சிக்கு மிகுதியாகவும் மென்பொருளே இடம் ஒதுக்கும். நேரலைக்கு நிலையான பிட் வீதம் ஏற்றது. வட்டில் பதிவு செய்வதற்கு நிலையான தரமே ஏற்றது.

நான்காவது, கோடெக். 2003-ஆம் ஆண்டு வெளிவந்த எச்.264 இன்றும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் இயங்குகிறது. 2013-ஆம் ஆண்டு வந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி பிட் வீதத்தில் தருவதை நோக்கமாகக் கொண்டது. 2018-ஆம் ஆண்டு வெளியான ஏவி1 உரிமக் கட்டணம் இன்றிப் பயன்படுத்தக்கூடியது. புதிய கோடெக் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால், சுருக்கும் வேலைக்கு அதிகக் கணிப்புத் திறனைக் கேட்கும். அதற்கான வசதி வரைகலை அட்டையில் இல்லையென்றால் ஆட்டமே தடுமாறும். பழைய தொலைக்காட்சியிலும் பழைய திறன்பேசியிலும் அக்கோப்பு திறக்காமல் போகலாம். வீட்டில் உள்ள கருவிகளை அறிந்து முடிவெடுப்பதே விரலுக்கேற்ற வீக்கம் ஆகும்.

முழு ஆட்டமும் தேவைதானா?

கொள்ளளவைக் குறைக்க மிகச் சிறந்த வழி, தேவையற்றதைப் பதிவு செய்யாமல் இருப்பதாகும். 15 நிமிட ஆட்டம் வினாடிக்கு 20 மெகாபிட் வீதத்தில் 2.25 ஜிகாபைட் ஆகிறது. அதில் மீண்டும் பார்க்கத் தக்க தருணம் பெரும்பாலும் அரை நிமிடம்தான். அந்த 30 வினாடிகளுக்குத் தேவையான இடம் 75 மெகாபைட் மட்டுமே.

இந்த உண்மையை விளையாட்டுக் கருவிகளை உருவாக்குவோர் நன்கு உணர்ந்துள்ளனர். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த பிளேஸ்டேஷன் 4 கருவி, ஆட்டத்தின் இறுதி 15 நிமிடங்களை மட்டும் எப்போதும் தன்னிடம் வைத்திருக்கும். அதற்கு முந்தையவை தாமாகவே மறைந்துவிடும். பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே அந்தப் பகுதி நிலையாகச் சேமிக்கப்படும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி இறுதி 30 வினாடிகளைச் சேமிக்கும். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. சிறந்த தருணம் நிகழ்ந்த பிறகு அதனைச் சேமிக்க முடிவதால், அது நிகழும் என்று எதிர்பார்த்து மணிக்கணக்கில் பதிவு செய்ய வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கனமான வழியொன்றும் உண்டு. 1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டு, திரையில் தோன்றிய படங்களைப் பதிவு செய்யவில்லை. ஆட்டக்காரர் முன்னே சென்றாரா, திரும்பினாரா, சுட்டாரா என்பதை மட்டும் குறித்துக்கொண்டது. ஒரு வினாடியில் 35 குறிப்புகள். ஒவ்வொரு குறிப்புக்கும் 4 பைட். இதன்படி, தனி ஒருவர் ஆடிய ஒரு மணி நேர ஆட்டம் ஏறத்தாழ அரை மெகாபைட்டில் அடங்கியது. சமைத்த உணவை அனுப்பாமல் சமையல் குறிப்பை அனுப்புவது போன்றது இது. குறிப்பைப் பெற்றவரிடம் அதே அடுப்பும் அதே பொருள்களும் இருக்க வேண்டும். அதாவது, அதே விளையாட்டின் பொருத்தமான பதிப்பு இருந்தால்தான் ஆட்டத்தை மீண்டும் காண முடியும். இன்றைய விளையாட்டுகள் சிலவற்றிலும் மீள்காட்சி வசதி இருக்கிறது. ஆயினும், விளையாட்டு புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய மீள்காட்சிகள் இயங்காமல் போகக்கூடும். நெடுங்காலம் வைத்திருக்க விரும்பும் ஆட்டத்தைக் காணொலியாக மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது.

பதிவு பாழாகாமல் காத்தல்

கோப்பு பெரிதாக ஆக, அது கெட்டுப்போனால் ஏற்படும் இழப்பும் பெரிதாகிறது. எம்பி4 கோப்பில் எந்தப் படம் எங்கே உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை வழக்கமாக இறுதியில்தான் எழுதப்படும். இரண்டு மணி நேர இறுதி ஆட்டத்தின்போது மின்சாரம் தடைப்பட்டாலோ வட்டு நிறைந்தாலோ, அட்டவணை எழுதப்படாமல் முழுக் கோப்பும் திறக்க முடியாததாகிவிடலாம். எம்கேவி கோப்பு இத்தகைய இடையூறுகளைத் தாங்கும். அதுவரை பதிவான பகுதி தப்பிக்கும். எனவே, எம்கேவி வடிவில் பதிவு செய்து, பின்னர் எம்பி4 பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இம்மாற்றத்தால் தரம் குறையாது. 15 அல்லது 30 நிமிடத்திற்கு ஒருமுறை கோப்பு தானாகவே பிரியுமாறு அமைத்துக்கொள்வதும் நல்லது.

கோப்பை விரலியில் நகலெடுக்கும்போது மற்றொரு சிக்கல் தோன்றலாம். 64 ஜிகாபைட் விரலியில் போதிய இடம் இருந்தும், 5 ஜிகாபைட் கோப்பை அது ஏற்க மறுக்கும். அவ்விரலி எஃப்ஏடி32 முறையில் அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணமாகும். அம்முறை கோப்பின் அளவை 32 பிட் எண்ணால் குறிப்பதால், ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட் அளவைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இச்சிக்கல் தீரும். ஆனால், மாற்றும்போது விரலியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்வது கட்டாயமாகும்.

முனையம் கிடங்கன்று

துறைமுக முனையத்தில் இறக்கப்படும் கொள்கலன்கள் அங்கேயே குடியிருப்பதில்லை. குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் தங்கினால் இடவாடகை செலுத்த வேண்டும். பழைய பெட்டிகள் வெளியேறினால்தான் அடுத்த கப்பலின் சரக்கை இறக்க இடம் கிடைக்கும். கணினியின் வட்டையும் இவ்வாறே கருத வேண்டும். அது பதிவுகள் வந்து செல்லும் முனையமே தவிர, காலமெல்லாம் அடுக்கி வைக்கும் கிடங்கன்று.

வாரத்திற்கு ஒருமுறை பதிவுகளை மூன்றாகப் பிரிக்கலாம். பயனற்றவற்றை உடனே அழிக்கலாம். ஒரு சில தருணங்கள் மட்டும் தேவைப்படும் கோப்புகளில் அப்பகுதிகளை வெட்டியெடுத்துவிட்டு மீதத்தை நீக்கலாம். மறுசுருக்கம் செய்யாமல் வெட்டித் தரும் மென்பொருள்கள் இருப்பதால் தரம் கெடாது. முழுமையாக வைத்திருக்கத் தக்கவற்றை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் மேலும் சுருக்கி, வெளி வன்தட்டுக்கு மாற்றலாம். மறுசுருக்கம் ஒவ்வொரு முறையும் தரத்தைச் சிறிது குறைக்கும் என்பதால், அதனை ஒருமுறைக்கு மேல் செய்யாமல் இருப்பது நலம்.

பதிவேற்றுவதற்கும் கணக்கு வேண்டும். வினாடிக்கு 50 மெகாபிட் வீதத்தில் பதிவான கோப்பை, வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவேற்றினால், ஒரு மணி நேர ஆட்டத்திற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். வீட்டில் பிறரும் இணையத்தைப் பயன்படுத்தினால் இன்னும் தாமதமாகும். முழு உயர்தெளிவில் வினாடிக்கு 60 படங்கள் கொண்ட காணொலிக்கு 12 மெகாபிட் வீதத்தை யூடியூப் பரிந்துரைக்கிறது. பதிவேற்றப்படும் எல்லாக் காணொலியையும் அது தானே மறுபடியும் சுருக்குகிறது. ஆகவே, அளவுக்கு மீறிய பிட் வீதம் பார்ப்பவரைச் சென்றடைவதில்லை. கூகள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இடமோ 15 ஜிகாபைட் மட்டுமே. அதுவும் மின்னஞ்சல், நிழற்படம் ஆகியவற்றுக்கும் பொதுவானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தின் நிழற்படங்களும் பள்ளி ஆவணங்களும் விளையாட்டுப் பதிவுகளோடு ஒரே வட்டில், ஒரே படியாக இருக்கக் கூடாது. அவற்றுக்குக் குறைந்தது மற்றொரு படியாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். இழந்த ஆட்டத்தை நாளை மீண்டும் ஆடலாம். தாத்தாவின் ஒரே நிழற்படத்தை மீண்டும் எடுக்க இயலாது.

பெரிய வட்டை வாங்குவது இச்சிக்கலைச் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுமே ஒழியத் தீர்க்காது. எதைப் பதிவு செய்வது, எவ்வளவு தரத்தில் பதிவு செய்வது, எதை வைத்துக்கொள்வது என்னும் மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை கண்டால் சிறிய வட்டும் போதுமானதாகும். வருமுன் காக்கும் இப்பழக்கம் விளையாட்டுப் பதிவோடு நின்றுவிடுவதில்லை. நாளை தகவல் துறையிலோ மருத்துவப் படிமத் துறையிலோ துறைமுக நிருவாகத்திலோ பணியாற்றப்போகும் மாணவர்களும், பெருகிவரும் தரவுகளை இதே கணக்கைக் கொண்டுதான் ஆள வேண்டியிருக்கும்.